மலை இல்லாத ஊரில் மேடுகள்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு மோன் பிளான் சிகரத்தின் உயரம் 4807 மீட்டர் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும். லுவார் நதி எங்கே பிறக்கிறது என்றால் 'மோன் ழெர்பியே தெ ழோன்' என்று மூச்சு விடாமல் ஒப்பிப்போம். இத்தனைக்கும் வகுப்பில் இருந்த பையன்களில் பாதிப் பேர் ஒரு மலையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உயரம் என்றால் பனைமரம், கோயில் கோபுரம், அப்புறம் ஏரிக்கரை. மலை என்றால் மயிலத்து முருகன் மலை; இன்னும் தூரமாக, பௌர்ணமிக்குப் பெரியவர்கள் போய்வரும் திருவண்ணாமலை. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் கடலாட வைத்திக்குப்பத்துக்கு வருவார். நாங்கள் மலைக்குப் போகாவிட்டாலும் மலைச்சாமி எங்களைத் தேடி வருவார் என்று என் பாட்டி சொல்லுவாள்.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு மலையோ குன்றோ சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உயரம் குறைவு, பெயர்கள் நிறைய. அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பிரெஞ்சில் சின்ன மலைக்குப் பல சொற்கள் உண்டு. 'கொலீன்' என்றால் குன்று. 'கொத்தோ' என்றால் திராட்சை பயிரிடும் சரிவு. 'புய்த்' என்றால் தனியாக நிற்கும் மேடு. 'தெர்த்ர்', 'மொந்திக்யுல்' இரண்டும் அதிலும் சின்னவை. 'மொந்தாஞ்' என்றால் உண்மையான மலை. எங்கள் வாத்தியார் இவற்றைக் கரும்பலகையில் ஏணிப்படி மாதிரி கீழிருந்து மேலாக எழுதிக் காட்டுவார்.

பாரிஸ் நகரத்தில் மொன்மார்த்ர் என்ற இடம் சுமார் 130 மீட்டர் உயரம். அதைப் பாரிஸ்காரர்கள் வெறும் 'புய்த்' என்கிறார்கள். புதுவைக்கு வந்த அதே பிரெஞ்சுக்காரர்கள், கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கம் சுமார் 30 மீட்டர் உயரத்தில் கிடக்கும் செம்மண் மேட்டுக்கு 'லே மொந்தாஞ் ரூழ்', அதாவது செம்மலைகள் என்று பெயர் வைத்தார்கள். நான்கில் ஒரு பங்கு உயரம் கூட இல்லாததற்கு மலைப் பட்டம்! சிறு வயதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கரை ஒரே கோடு. அதில் சிவப்பாக ஏதோ எழும்பி நின்றால் அவன் கண்ணுக்கு அது மலைதான். சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒன்று மலையா மேடா என்று மனிதன் முடிவு செய்கிறான்.

இந்த 30 மீட்டர் மலைக்கு வரலாற்றில் பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் புதுவையை முற்றுகையிட வந்த ஆங்கிலேயர்கள் இதை 'ரெட் ஹில்' என்றார்கள். 1760-இல் அயர் கூட்டின் படை பெரம்பைப் பக்கம் பாசறை போட்டது. பெரம்பை இன்று வானூர் வட்டத்தில், வில்லியனூருக்கு வடக்கே இருக்கிற ஊர். அந்த ஜூலையிலேயே வில்லியனூர்க் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1761 ஜனவரியில் புதுவை விழுந்தது. மறுபடி 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்ரோ வந்தபோதும் முதலில் படையை நிறுத்தியது ரெட் ஹில்லில்தான். அக்டோபரில் நகரம் சரணடைந்தது. தரைமட்டமான நாட்டில் முப்பது மீட்டர் உயரம் கிடைத்தால் தளபதிக்கு அதுவே போதும். வரும் படையும் தெரியும், கடலில் வரும் கப்பலும் தெரியும். மழைக்காலத்தில் பாசறை சேறாகாது.

அந்தச் செம்மண்ணின் வயதுக்கு முன் இந்தச் சண்டையெல்லாம் நேற்று நடந்தது. புவியியலார் இதற்கு அடியில் இருக்கும் பாறையைக் கடலூர் மணற்கல் என்பார்கள். மேலே துருப்பிடித்த மாதிரி செம்பாறாங்கல் மூடியிருக்கும். வில்லியனூரிலிருந்து சங்கராபரணி ஆற்றோடு மேற்கே போனால் திருவக்கரை வரும். அங்கே இந்த மணற்கல்லில்தான் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். நம் ஊர்க்காரர்களோ அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்றார்கள். சொன்னராவும் நம் பாட்டன்மாரும் பார்த்தது ஒரே கல்லைத்தான்.

வடக்கே செம்மேடு இருப்பது போலத் தெற்கேயும் ஒன்று உண்டு. பெண்ணையாற்றைத் தாண்டி, கெடிலத்தையும் தாண்டினால் கடலூர்க் கேப்பர் மலை. அதுவும் அதே மணற்கல், அதே செம்மண். அந்த ஒரே மேட்டுத் தொடருக்கு இரண்டு பெயர். கேப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பெயரால் அது கேப்பர் மலை. அதன் திருவந்திபுரம் பகுதிக்கு ஔஷதகிரி என்று பெயர். மேலே ஹயக்ரீவர் சன்னிதி. அனுமார் மருந்து மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது விழுந்த துண்டு அது என்பது தலபுராணம். அதிகாரி பார்த்தால் அவர் பெயர், பக்தன் பார்த்தால் கிரி. பாகூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த மேடு கல்யாணத்தோடு சேர்ந்தது. திருவந்திபுரத்தில் தாலி கட்டியவர்கள் எங்கள் உறவிலேயே பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு செம்மேடுகளுக்கும் நடுவில் சங்கராபரணியும் பெண்ணையும் வண்டலைக் கொட்டி நிரப்பிய தாழ்வான பூமிதான் நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதி. பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்கிறோமே, அதற்கு அந்த வண்டல்தான் காரணம். உண்மையான கதை இந்தத் தட்டைப் பூமியில்தான் இருக்கிறது.

தமிழில் மலை, குன்று, வரை, பொறை, சிலம்பு, அடுக்கம் என்று பழைய சொற்கள் வரிசையாக உண்டு. இன்றும் வட்டாரத்துக்கு ஒரு சொல் வாழ்கிறது. கொங்குப் பக்கம் போனால் கரடு. திருநெல்வேலியில் பொத்தை. தூத்துக்குடிச் செம்மணல் மேட்டுக்குத் தேரி. குன்று என்ற சொல்லையே பாருங்கள். குன்றுதல் என்றால் குறைதல். குறைந்துபோன மலைதான் குன்றா, இல்லை இரண்டும் வேறு வேறு வேரா என்பது புலவர்கள் பாடு.

ஊசுடு ஏரிப் பக்கம் வில்லியனூர் கொம்யூனில் பொறையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பொறை என்றால் சங்கத் தமிழில் சிறு மலை, பாறை. சேர அரசர்களுக்குப் பொறையன் என்ற பெயர் இப்படித்தான். பொறுமை, சுமை என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆனால் வடமேற்கே நிலம் மெல்ல ஏறத் தொடங்கும் பக்கத்தில் இந்தப் பெயர் கிடப்பதைப் பார்த்தால், நான் மேட்டுக்குத்தான் என் ஓட்டைப் போடுவேன்.

மற்ற இடமெல்லாம் மேடும் திட்டும்தான். பாகூர்ப் பக்கம் சேலியமேடு. பெண்ணையாற்றங்கரையில் மணமேடு. அதே ஆற்றங்கரையில் கொம்மந்தான்மேடு. இந்தப் பெயரைக் கேட்டாலே பிரெஞ்சு படித்தவன் காது விடைக்கும். படைத் தலைவனுக்குப் பிரெஞ்சில் 'கொம்மாந்தான்'. பாதி பிரெஞ்சும் பாதி தமிழும் ஒட்டிய மாதிரி ஒலிக்கும் ஊர்ப் பெயர் வேறெங்கே கிடைக்கும்? கோரிமேட்டில் உள்ள 'கோரி' பாரசீகத்திலிருந்து வந்த சொல். முஸ்லிம் சமாதியைக் குறிக்கும். துறைமுகத்தின் பக்கத்தில் தேங்காய்த்திட்டு. தண்ணீரின் நடுவே தலை தூக்கிய நிலத்துக்குத் திட்டு என்று பெயர். தென்னை அங்கே வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒரு விசாரணைக்காகச் சேலியமேட்டுக்குப் போயிருந்தேன். சைக்கிளை மிதித்து ஊருக்குள் நுழையும்வரை கால் வலி தெரியவில்லை. ஏற்றம் என்று ஒன்று இருந்தால்தானே வலிக்கும். வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஏங்க ஐயா, சேலியமேடுங்கறாங்க. மேட்டையே காணோமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப வந்தா எப்படி தம்பி தெரியும்? ஐப்பசி கார்த்திகையில நாலு நாளு விடாம மழ பேயட்டும், அப்ப வந்து பாருங்க. எங்க தண்ணி நிக்கலியோ அதான் மேடு."

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் செம்மலைகளுக்குக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம் ஆட்களோ மேடுகளுக்குத் தண்ணீரை வைத்துப் பெயர் வைத்தார்கள். இரண்டு முழம் உயரமானாலும் வெள்ளத்தில் முழுகாவிட்டால் அது மேடு. கோடையில் வந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது.

நம் திசைச் சொற்களிலேயே இந்தத் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு. கீழ் என்பதிலிருந்து கிழக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்வதால் வந்த பெயர்கள். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே. ஆனாலும் அங்கேயும் அதைக் 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்றார் அவர். வில்லியனூர் கொம்யூனில் மேல்சாத்தமங்கலமும் கீழ்சாத்தமங்கலமும் உண்டு. 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்களே, அந்தக் கீழூரும் இந்தப் பக்கம்தான். தண்ணீர் போகிற வழியைத் தெரிந்துகொள்ள, தமிழ் பேசுகிறவனுக்குத் திசையின் பெயரே போதும்.

பழைய காலத்தில் நிலத்தைக் காலால் நடந்து அளந்தார்கள். பாகூருக்குப் புகழ் தந்தது பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு. அங்கிருந்த கல்விச் சாலைக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த சாசனம் அது. பல்லவர் காலத்தில் இப்படி ஊரைக் கொடுத்தால் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நடுவது வழக்கம். உடும்பு ஓடுகிற இடம், ஆமை தவழ்கிற இடம் எல்லாம் சேர்த்தே கொடுத்தோம் என்கிற பாணியிலும் அக்காலச் சாசனங்களில் எழுதுவார்கள். பத்திரம் எழுதியே காலம் தள்ளிய எனக்கு அந்த நடை ரொம்பப் பிடிக்கும். உடும்பு காய்ந்த மேட்டில் ஓடும். ஆமை ஈரப் பள்ளத்தில் தவழும். மேடும் பள்ளமும் பாக்கியில்லாமல் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நோத்தேரும் எழுதியதில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் நில வரிக் கணக்கிலும் மேடு பள்ளம் இருந்தது. நெல் விளையும் நிலத்துக்கு 'நெலி' என்று நம் சொல்லையே பிரெஞ்சாக்கிக்கொண்டார்கள். கேழ்வரகு, கம்பு, வரகு விளையும் மேட்டு நிலத்துக்கு 'மெனு கிரேன்', அதாவது சிறுதானிய நிலம். அளவு எக்டேர், ஆர், சாந்தியாரில் இருக்கும். இன்றைக்கும் புதுவைப் பட்டாவில் அந்த அளவுகள்தான். ஆனால் குடியானவர் வாயில் அந்த நிலத்துக்குப் பெயர் மேட்டுக்கொல்லை, இல்லாவிட்டால் பள்ளக்கொல்லை. மேட்டில் மல்லாட்டையும் சவுக்கும், பள்ளத்தில் நெல். புல எண்ணை வைத்து நிலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி ஆகும். கொல்லைப் பெயரைச் சொன்னால் கூட வந்த ஆள் நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

இயற்கை கொடுத்த மேடு ஒரு வகை என்றால் மனிதன் வாழ்ந்தே உண்டாக்கிய மேடு இன்னொரு வகை. அதற்கு அரிக்கமேட்டை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வீரராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மேட்டில் தொன்மையான ஏதோ இருக்கிறது என்று 1768-க்குப் பின் புதுவையில் தங்கிய லெ ழாந்தீய் என்ற வானியலாளர் குறித்து வைத்தார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769-இல் அந்த நாளில் மேகம் மூடியதால் பார்க்க முடியாமல் போன துரதிர்ஷ்டசாலி அவர். 1930-களில் ழுவோ துப்ரேய் கண்ணில் பட்டது அகஸ்டஸ் சீசர் தலை பொறித்ததாகச் சொல்லப்பட்ட மணி. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மத்தியதரைக் கடல் மது ஜாடிகளும் இத்தாலியச் சிவப்புக் கலங்களும் மணி செய்த பட்டறைத் தடயங்களும் கிடைத்தன.

அரிக்கமேடு என்ற பெயருக்கே பல விளக்கம். அருகன் மேடு என்பார் சிலர். ஆற்றின் அருகில் இருக்கும் மேடு, அருகுமேடு என்பார் சிலர். ஆறு அரிக்கிற மேடு என்பதும் ஒன்று. எது சரியோ, ஆறு அரித்ததால்தான் பழைய செங்கல் சுவர்கள் கரையில் வெளியே தெரிந்தன என்பது நிஜம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வாணிபம் செய்தவர்களும் தண்ணீர் ஏறாத இடம் பார்த்துத்தான் குடியேறினார்கள். வீடு இடிந்து, அதன் மேல் வீடு கட்டி, மேடு இன்னும் உயர்ந்தது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? மேடு குறைந்துகொண்டு வருகிறது. அதன் பெயரும் மறைந்துகொண்டு வருகிறது.

செம்மண்ணை லாரியில் அள்ளிக்கொண்டு போய் பள்ளத்தில் கொட்டி மனை போடுவதை எல்லோரும் பார்க்கிறோம். ஒரு மேடு தாழ்கிறது, ஒரு பள்ளம் நிரம்புகிறது. கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பள்ளத்தில் நின்ற தண்ணீர் மழைக்கு எங்கே போகும்? பக்கத்துக்காரன் வீட்டுக்குத்தான். மேட்டில் பெய்த மழை செம்மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வழியும் போகிறது. மரம் போன செம்மண்ணை மழை எப்படிக் கீறும் என்பதற்குப் பொம்மையார்பாளையம் பக்கத்து ஓடைகளைப் பார்த்தால் போதும். அதே செம்மண் பீடபூமியில் 1968-இல் தொடங்கிய ஆரோவில்காரர்கள் வரப்புப் போட்டு, மரம் நட்டு, மண்ணை நிறுத்தப் பல வருடம் பாடுபட்டார்கள். மண் போவதற்கு ஒரு மழை போதும். அதைத் திரும்ப நிறுத்த ஒரு தலைமுறை வேண்டியிருந்தது.

வரைபடம் இருக்கிறதே என்பார்கள். இந்திய நில அளவைத் துறையின் 50,000-க்கு ஒன்று படத்தில் 10 மீட்டருக்கோ 20 மீட்டருக்கோ ஒரு சமஉயரக் கோடு போடுவார்கள். இரண்டு மீட்டர் உயரமுள்ள மேடு இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அந்த இரண்டு மீட்டர் உயரத்துக்கு நம்மிடம் இருந்த பழைய ஆவணம் ஊர்ப் பெயரும் கொல்லைப் பெயரும்தான். மனைப் பிரிவு போட்டதும் முதலில் போவது அந்தப் பெயர். பள்ளக்கொல்லை ஏதோ ஒரு நகர் ஆகிறது. வாங்குகிறவர் வெளியூர். பத்திரத்தில் புல எண் உண்டு, பள்ளம் என்ற சொல் இல்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்குப் பக்கத்தில் கரையேறியது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டே நாளில் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பெண்ணையில் திறந்தார்கள். பாகூர்ப் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தனை தண்ணீர் வந்தால் மேடு என்று பெயர் வைத்த இடத்துக்கும் ஆபத்துத்தான். மேட்டுக்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் அந்த ராத்திரியில் எந்தத் தெருவில் மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, கிழவியை எந்த வீட்டில் உட்கார வைப்பது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? கொல்லைப் பெயர் தெரிந்தவர்களுக்குத்தான். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். எல்லோருக்கும் என் வயது, இல்லாவிட்டால் அதற்கும் மேல்.

ஆகவே இந்தப் பதிவைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் ஒரு மாலை உட்காருங்கள். எந்தக் கொல்லைக்கு என்ன பெயர், எந்தத் திட்டில் தண்ணீர் ஏறாது, எந்தப் பள்ளத்தில் மூன்று நாள் நிற்கும் என்று கேட்டு, புல எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மனை வாங்கப் போனால் நகரின் பெயரை விட்டுவிட்டு, அது கொல்லையாக இருந்தபோது என்ன பெயர் என்று விசாரியுங்கள்.

எனக்குத் தெரிந்த வில்லியனூர்ப் பக்கத்துக் கொல்லைப் பெயர்களை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். நேற்றுவரை முப்பத்தேழு சேர்ந்திருக்கிறது. பாகூர்ப் பக்கத்தை அங்கே இருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.